கால் நுனியில் நிற்பதற்கு முன்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் இடுப்பில் கட்டிய துப்பட்டாவை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு அம்மா பார்சல் பெட்டியோடு நின்றார். பெட்டிக்குள் இளஞ்சிவப்பு சாட்டின் துணியில் ஒரு ஜோடி பாலே ஷூ. நுனி தட்டையாக, கட்டிக்கொள்ள நீள ரிப்பனோடு இருந்தது.

“மிஸ், இதப் போட்டா பேலன்ஸ் தானா வந்துடும்னு வீடியோல பாத்தேன். அதான் பாப்பாவுக்கு வாங்கிட்டேன்.”

பாப்பாவுக்கு எட்டு வயது. அம்மா சோழிங்கநல்லூரில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். விலை என்ன என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. “நாளைக்கே திருப்பி அனுப்பிடுங்கம்மா” என்றேன். முகம் வாடிவிட்டது. வாசலில் நின்றபடி அன்று அவரிடம் சொல்ல முடிந்தது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் பாலே பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிற பெற்றோர்கள் எல்லாருமே ஏறக்குறைய இதே நம்பிக்கைகளோடுதான் வருகிறார்கள்.

நான் பெரும்பாக்கத்தில் பரதம் சொல்லித்தருகிறவள். முப்பத்தெட்டு வயதுக்குப் பிறகு, வாரம் ஒருநாள் பேருந்து பிடித்து நகரத்துக்குள் போய், மூன்று வருடம் பாலே கற்றேன். மேடை ஏறும் அளவுக்கு வரவில்லை. ஆனால் நிற்பது என்றால் என்ன என்று அங்கேதான் எனக்கு இரண்டாம் முறை புரிந்தது.

முதலில் அந்த ஷூ. அதன் நுனிக்குள் மரக்கட்டை இருக்கிறது, ஆளைத் தாங்கிக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். கட்டை எதுவும் இல்லை. துணியையும் காகிதத்தையும் அடுக்கடுக்காகப் பசை தடவி இறுகவைத்த ஒரு கூடு, உள்ளங்காலுக்கு அடியில் விறைப்பான ஒரு பட்டை, அவ்வளவுதான். ஷூ யாரையும் தூக்கி நிறுத்தாது. நிறுத்துவது கணுக்கால், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகள். வெறும் பாதத்தில் குதிகாலைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்க முடியாத பிள்ளைக்கு அந்த ஷூவை மாட்டினால், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பரப்பின் மேல் அவள் மொத்த எடையையும் ஏற்றிவைக்கிறோம். அதுவும் எலும்பு இன்னும் முற்றாத பாதத்தில்.

சில வருடம் முறையாகப் பயின்று, பதினொன்று பன்னிரண்டு வயதும் ஆன பிறகுதான் நல்ல ஆசிரியர்கள் அந்த ஷூவைப் பற்றிப் பேச்சே எடுப்பார்கள். அப்போதும் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. பாதத்தை, கணுக்காலை, முதுகை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான். உலகத்தின் பெரிய பாலே நடனமணி என்று கொண்டாடப்பட்ட அன்னா பாவ்லோவாவுக்கே, பாதத்தின் வளைவு அதிகமாக இருந்ததால், ஷூவைத் தனக்கேற்ற மாதிரி கெட்டித் தோல் வைத்து மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அளவு எண்ணை மட்டும் பார்த்து வீட்டுக்கு வரவழைக்கிற பொருள் இல்லை இது. தொடக்கத்தில் தேவைப்படுவது மெல்லிய துணி ஷூ. அதுவும் இல்லையென்றால் வெறுங்கால். சாக்ஸ் போட்டு டைல்ஸ் தரையில் மட்டும் ஆடவிடாதீர்கள். நான் பார்த்த சுளுக்குகளில் பாதி அப்படி வந்தவை. டைல்ஸ், சிமெண்ட் தரையில் குதிப்பதும் வேண்டாம். குதிக்கிற பயிற்சிக்கு, அடியில் கொஞ்சம் கொடுக்கிற மரத்தளம் வேண்டும்.

அடுத்தது, எனக்கே இருபது வருடம் இருந்த நம்பிக்கை. பேலன்ஸ் என்றால் அசையாமல் நிற்பது.

பாருங்கள், நாம் சும்மா நிமிர்ந்து நிற்கும்போதே உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் ஓயாமல் இழுத்தும் விட்டும் அதைச் சரிசெய்கின்றன. இதற்கான செய்தி மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து போகிறது. ஒன்று கண். இரண்டாவது காதின் உட்பகுதி. மூன்றாவதை நாம் நினைப்பதே இல்லை: உள்ளங்கால் தோலும், தசைகளும், மூட்டுகளும். முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எடை குதிகாலில் இருக்கிறதா விரலில் இருக்கிறதா என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

சுவர் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் நின்று ஒற்றைக்காலைத் தூக்குங்கள். இப்போது கண்ணை மூடுங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் நிற்கும் கால் பதறத் தொடங்கும். ஒரு செய்தி நின்றதும் மற்ற இரண்டும் ஈடுகட்ட ஓடுகின்றன. அந்தப் பதற்றம்தான் பேலன்ஸ். உடம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். “கால் நடுங்குது மிஸ், எனக்கு வராது” என்று அழுகிற பிள்ளையிடம் நான் சொல்வது, “நடுங்கட்டும், விடு. அதுதான் கத்துக்குது.”

நம் ஊர்க் கலைகள் இதை எப்போதோ கண்டுகொண்டவை. பொய்க்கால் குதிரை ஆடுகிறவரைக் கவனியுங்கள். மரக்கால் கட்டியவர் ஓர் இடத்தில் நிலைத்து நிற்பதே இல்லை. கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார். அடிப்பரப்பு அவ்வளவு சிறிதாகிவிட்டால் நிற்பதைவிட நகர்வது எளிது. பாலேயில் நுனிக்காலில் நிற்பவர்கள் குட்டிக் குட்டி அடியாக மேடையைக் கடப்பதும் அப்படித்தான். கரகம் எடுப்பவருக்கோ தலை ஒரே மட்டத்தில் நிற்க, கீழே முழங்காலும் இடுப்பும் எல்லா அசைவையும் வாங்கிக்கொள்ளும். குடம் அசையாமல் இருப்பதற்காகத்தான் மற்றதெல்லாம் அசைகிறது.

கழைக்கூத்தில் கயிற்றின் மேல் நடக்கும் சிறுமியின் கையில் நீளக் கழி இருக்கும். அந்த நீளமும் எடையும் சேர்ந்து உடம்பு சாயும் வேகத்தைக் குறைக்கின்றன. சரிசெய்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது. பாலேயில் கையை வட்டமாக விரித்துப் பிடிப்பதற்கும், பரதத்தின் நாட்டியாரம்பத்தில் முழங்கையைத் தோள் மட்டத்தில் நிறுத்துவதற்கும் அழகு மட்டும் காரணம் இல்லை. (அந்த வயதில் அந்தப் பிள்ளை கயிற்றின் மேல் இருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதையும் சொல்லாமல் கடக்க என்னால் முடியவில்லை.)

“மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நில்லு” என்பார்கள். பிடிக்காதீர்கள். மூச்சு நின்றால் தோள் இறுகும், தோள் இறுகினால் கணுக்காலுக்குச் சரிசெய்ய இடமே இருக்காது.

சரி, சுற்றுவது? “சுத்தினா தலை சுத்தத்தான் செய்யும், அது ஒவ்வொருத்தர் உடம்பு வாகு” என்கிறார்கள். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டுத் தரையில் விழுந்து சிரிக்காதவர் யார்? உட்காதில் ஒன்றுக்கொன்று குறுக்காக மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். மோர் உள்ள சொம்பைச் சுழற்றிவிட்டுச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். சொம்பு நின்றாலும் மோர் ஓடிக்கொண்டிருக்கும். நம் காதிலும் அதேதான். உடம்பு நின்றுவிட்டது என்று கண் சொல்ல, இன்னும் சுற்றுகிறோம் என்று காது சொல்ல, அந்தச் சண்டைதான் தலைசுற்றல்.

பாலே ஆடுபவர்கள் இதற்கு இரண்டு விதமாக வழி கண்டார்கள். முதலாவது, கண்ணுக்கு ஒரு புள்ளி. எதிர்ச் சுவரில் ஓர் இடத்தைப் பார்த்தபடி உடம்பைத் திருப்பத் தொடங்குவார்கள். கழுத்து தாங்கும்வரை முகம் அங்கேயே இருக்கும். கடைசியில் தலை வெடுக்கென்று திரும்பி, உடம்புக்கு முன்னால் அதே புள்ளிக்கு வந்துவிடும். எங்கள் பாலே வகுப்பில் எனக்கு அந்தப் புள்ளி, மின்விசிறி ரெகுலேட்டர். முதல் மாதத்தில் அதைத் தவிர மற்ற எல்லாம் கண்ணில் பட்டது. இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு நாள், முழுச் சுற்று சுற்றி வந்ததும் அந்த ரெகுலேட்டரில் 3 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. அன்றைய சந்தோஷத்தை எழுதிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒற்றைக்காலில் நின்று மறுகாலை வீசிக்கொண்டே 32 சுற்று சுற்றுகிற ஒரு பகுதி ‘ஸ்வான் லேக்’ பாலேயில் உண்டு. 1895-ல் பியரினா லென்யானி என்ற இத்தாலியப் பெண் ரஷ்யாவில் அதை ஆடிக்காட்டினார். இன்றுவரை அந்த வேடம் ஏற்கிறவர்கள் அந்தக் கணக்கைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, பயிற்சி மூளையையே மாற்றிவிடுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-ல் 29 பாலே நடனப் பெண்களையும் 20 படகோட்டும் பெண்களையும் இருட்டறையில் நாற்காலியில் சுழற்றிப் பார்த்தார்கள். நாற்காலி நின்ற பிறகு, இன்னும் சுற்றுகிறோம் என்ற உணர்வு நடனக்காரர்களுக்குச் சீக்கிரம் அடங்கியது. காதிலிருந்து வரும் அந்தச் செய்தியைக் கையாளும் சிறுமூளைப் பகுதி அவர்களுக்குச் சிறுத்திருந்தது. இருட்டில் பார்த்ததால் கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தும் வித்தைக்கு அங்கே வேலை இல்லை. பல வருடம் சுற்றிச் சுற்றி, வேண்டாத செய்தியை ஒதுக்க மூளை பழகியிருக்கிறது. அப்படியென்றால் அது பிறவி வாகு மட்டும் இல்லை.

பிறவி வாகு என்று நினைப்பவர்களுக்கு நடனமணி சுதா சந்திரனை நினைவூட்டுகிறேன். 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு அவர் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு 1984-ல் மறுபடி மேடை ஏறினார். அவர் கதை ‘மயூரி’ படமாக வந்ததும் அவரே நடித்ததும் பலருக்குத் தெரியும். தன்னம்பிக்கைக் கதையாக மட்டுமே அதைச் சொல்லிவிடுகிறோம். நடனம் சொல்லித்தருகிற எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஒரு உள்ளங்காலும் ஒரு கணுக்காலும் அனுப்பிவந்த செய்தி முழுவதும் நின்றுபோன பிறகு, மிச்சமுள்ள தொடையும் இடுப்பும் கண்ணும் காதும் தாளத்தோடு சேர்ந்து நிற்பதைப் புதிதாகக் கற்றிருக்கின்றன. ஆரோக்கியமான இரண்டு கால் உள்ள பிள்ளையிடம் “உனக்கு வராது” என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இனி எனக்கு வலிக்கிற இடம். “இடுப்பு விரியணும்னா வலியைத் தாங்கணும்.” பாலேயில் இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பி ஒரே கோடாக நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பரதத்தின் அரைமண்டியிலும் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன. இரண்டுக்கும் மூலம் இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலை, கிண்ணம் போன்ற குழிக்குள் உருள்கிற இடம். அந்தக் குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. பயிற்சியால் தசையை வளர்க்கலாம், எலும்பை மாற்ற முடியாது. இடுப்பு தராததைப் பாதத்திலிருந்து திருகி எடுத்தால் அந்தத் திருகல் முழங்காலில் போய் உட்காரும், உள்ளங்கால் வளைவு சரியும்.

எனக்குப் பதினோரு வயதில், ஒரு கோடை வகுப்பில், பாதங்களைச் சேர்த்து உட்காரவைத்து இரண்டு தொடையின் மீதும் ஒருவர் தன் முழு எடையை வைத்து அழுத்தினார். இடது முழங்காலில் ஏதோ கிழிந்த மாதிரி ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. நான் அழவில்லை, அழுதால் நடனம் கற்க லாயக்கில்லை என்பார்களே என்று பயம். இப்போது நாற்பத்தேழு வயதில், மழைக்காலக் காலைகளில் அந்த இடது முழங்காலை நீட்டி மடக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. இதைப் படிக்கும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் தொடை மீது யாரையும் ஏறவிடாதீர்கள். முழங்கால் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் பாதத்தின் நடுவிரல் பார்க்கட்டும். அதற்கு மேல் ஒரு பாகைகூட வேண்டாம்.

அரைமண்டியும் பாலேயின் பிலியேயும் ஒன்றுதான் என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பார்க்க ஒன்று போல இருக்கும். பிலியே, மேலே எழுவதற்கு முந்தைய மூச்சு, மடங்கியது நிமிர்வதற்காக. அரைமண்டியில் நாம் குடியிருக்கிறோம். எடையைத் தாழ்த்தித் தரையைத் தட்டுகிற ஆட்டம் ஒன்று, எடையை மறைத்து மேலே போகிற ஆட்டம் ஒன்று. இரண்டையும் பழகிய உடம்புக்குக் கால்களுக்கு அடியில் தரை கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. என் அனுபவம் இது.

“பாலே நம்ம ஊருக்கு அந்நியம், பரதத்தைக் கெடுத்துடும்” என்பவர்களிடம் நான் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா பக்கம் கையைக் காட்டுவேன். மதுரையில் 1904-ல் பிறந்த ருக்மிணி தேவி முதலில் கற்ற நடனம் பாலே. 1928-ல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பின்பு ஆஸ்திரேலியாவுக்கு அதே கப்பலில் பயணம் செய்யும்போது நட்பானார்கள். பாவ்லோவா குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்று தூண்டியவரும் பாவ்லோவாதான். அதன் பிறகு பரதத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டத்தைப் பார்த்து, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். மறு வருடம் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா பிறந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைக் காத்துவந்த கௌரி அம்மாள் போன்றவர்களின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. அவர்கள் இல்லையென்றால் ருக்மிணி தேவி கற்பதற்கு எதுவுமே இருந்திருக்காது. ஆனால் கலாக்ஷேத்ரா பாணியில் நீட்டிய கை நுனிவரை கோடு பிசகாமல் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பாலே பழகிய ஒரு கண்ணும் அங்கே வேலை செய்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு குழப்பம் சொல்லில். என் அம்மா தலைமுறைக்கு ‘பாலே’ என்றால் நாட்டிய நாடகம். “சபாவுல ராமாயண பாலே போட்டாங்க” என்பார்கள். அதனால்தான் தாத்தா பாட்டிகள் “பாலேவா, நாங்க அப்பவே பாத்திருக்கோமே” என்கிறார்கள். அவர்கள் பார்த்தது வேறு.

பாலே பையன்களுக்கு இல்லை என்பது வெறும் பேச்சு. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியே மேடையில் ஆடியவர். சிறு வயதில் தொடங்காவிட்டால் வராது என்பதும் முழு உண்மை இல்லை. டெல்லி விகாஸ்புரியில் இ-ரிக்‌ஷா ஓட்டுநரின் மகன் கமல் சிங் பாலே தொடங்கியது 17 வயதில். 2020-ல் லண்டன் இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளிக்குப் போனார். மும்பைப் பையன்கள் இருவரின் கதை அதே வருடம் ‘யே பாலே’ என்ற படமாக வந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது, அது தெரியும். இங்கே பெரும்பாக்கத்தில் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளிடம் பொய்யான ஆசை காட்ட நான் விரும்பவில்லை. நிற்கக் கற்பதற்கு வயது தடையில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது பேலன்ஸுக்கான பயிற்சியும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, விழாமல் இருக்க.

கடைசியாக, இரண்டு காலையும் பழக்குவது பற்றி. ருக்மிணி தேவி பிறந்த மதுரையில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார், மற்ற ஊர்களில் இடது. ராஜசேகர பாண்டியன் தானே நடனம் கற்று, உடம்பு நொந்து, ஒரே காலில் நின்று ஆடும் இறைவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று உருகி, கால் மாறி ஆடச் சொல்லி வேண்டினான் என்பது திருவிளையாடல். கற்ற பிறகுதான் அவனுக்கு அந்த வலி தெரிந்தது. பரதத்தில் எந்த அடவையும் வலப்பக்கம் செய்தால் இடப்பக்கமும் செய்கிறோம். பாலேயிலும் கம்பியைப் பிடித்து ஒரு பக்கம் முடித்தால் திரும்பி நின்று மறுபக்கம். எளிதாக வருகிற காலிலேயே திரும்பத் திரும்ப நிற்க எல்லாருக்கும் ஆசை.

ஷூவைத் திருப்பி அனுப்பிய பாப்பாவுக்கு நான் கொடுத்த பயிற்சி இதுதான். வீட்டு வராண்டாவில் கைப்பிடிக் கம்பி இருக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விரல் நுனி மட்டும் பட வேண்டும். ஒரு காலைத் தூக்கி, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, விரலை மெல்ல எடுத்துவிட்டு எண்ண வேண்டும். பக்கத்தில் யாராவது பெரியவர் நிற்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் அவர்கள் மாடிக்குப் போயிருந்தேன். தண்ணீர்க் குடங்களுக்கும் காயும் துணிகளுக்கும் நடுவே பாப்பா கம்பியோரம் நின்றிருந்தாள். பக்கத்தில் காவலுக்கு நின்ற ஆயாவும் கம்பியைத் தொட்டபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு, வலது இடது என்று இரண்டு வரிசை எழுதியிருந்தாள். நேற்றைய தேதிக்கு எதிரே வலதில் 11, இடதில் 6. “இடதுதான் மிஸ் வரமாட்டேங்குது” என்றாள். சொல்லிவிட்டு இடது காலில் நின்றாள். கால் நடுங்கியது. ஆயா எண்ணத் தொடங்கினார்.